ஒன்றுபோல் இருக்கும் பட்டாம்பூச்சிகளை மரபணு வைத்துப் பிரிப்பது எப்படி: ஒரு காலில் இருந்து வாழிட வரைபடம் வரை

இரண்டு பட்டாம்பூச்சிகள். சிறகின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம், விளிம்புக் கோடு எல்லாம் அச்சு அசலாக ஒன்றுதான். ஒன்று மர நிழலில் தாழ்வாகப் பறக்கிறது, இன்னொன்று திறந்த புல்வெளியில். இரண்டும் ஒரே சிற்றினமா, வேறு வேறா?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் நேராக ஆய்வகத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கேதான் கோளாறு ஆரம்பம். டிஎன்ஏ எடுப்பது இன்றைக்குப் பெரிய வித்தை இல்லை. எடுத்த டிஎன்ஏ எந்த உடலுடையது, அந்த உடல் எந்தச் செடிக்குப் பக்கத்தில் இருந்தது என்பதை ஒரு வருடம் கழித்தும் தடுமாறாமல் சொல்ல முடிகிறதா, அதுதான் வித்தை. கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஆய்வகத்தில் பிழை வந்தால் மறுபடி செய்துகொள்ளலாம், முதல் நான்கு படிகளில் விட்டதை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

1. கேள்வியை எழுதி வையுங்கள்

"இது புதுச் சிற்றினமா?" என்பது கேள்வி இல்லை, ஆசை. சோதிக்கக்கூடிய கேள்வி இப்படி இருக்கும்: நிழலில் பறப்பவையும் வெயிலில் பறப்பவையும் ஒரே இடத்தில் இருக்கும்போது தங்களுக்குள் இனக்கலப்பு செய்கின்றனவா? இதற்கு ஆமாம் என்றும் பதில் வரலாம், இல்லை என்றும் வரலாம். இரண்டுக்கும் தயாராக இருங்கள்.

தயாராக இருக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐரோப்பாவில் லெப்டிடியா சினாபிஸ் என்று ஒரே பெயரில் வழங்கிய வெள்ளைப் பட்டாம்பூச்சியில் இருந்து, இனப்பெருக்க உறுப்பின் நீளத்தை வைத்து 20-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லெப்டிடியா ரியாலி என்று ஒன்றைப் பிரித்தார்கள். சரி, இரண்டு, முடிந்தது என்று எல்லோரும் வாழிடக் குறிப்புகளை இரண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டிருக்க, 2011-இல் டிஎன்ஏவும் குரோமோசோமும் பார்த்தபோது அந்த ரியாலிக்குள் லெப்டிடியா ஜுவர்னிகா என்று இன்னொன்றும் ஒளிந்திருந்தது. அந்த இரண்டையும் உறுப்பின் நீளத்தால்கூடப் பிரிக்க முடியாது.

இதற்கு நேர்மாறான கதை ஃபெங்காரிஸ் அல்கான் என்ற நீலப் பட்டாம்பூச்சி. ஈரமான புல்வெளியில் ஒரு ஜென்ஷியானா செடியிலும், உலர்ந்த புல்வெளியில் வேறொரு ஜென்ஷியானாவிலும் முட்டையிடும் இரண்டு கூட்டங்களை வெகுகாலம் இரண்டு சிற்றினங்களாக வைத்திருந்தார்கள். மரபணு அந்தப் பிரிவை ஆதரிக்கவில்லை. இடத்துக்கு ஏற்ப வாழும் ஒரே சிற்றினத்தின் இரண்டு வகைகள், அவ்வளவுதான். வாழிடம் வேறு என்பதாலேயே சிற்றினம் வேறாகிவிடாது.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

அனுமதி முதலில். பாதுகாக்கப்பட்ட பகுதிக்குத் தனி, பாதுகாக்கப்பட்ட சிற்றினத்துக்குத் தனி, மாதிரியை நாட்டுக்கு வெளியே அனுப்ப வேண்டுமானால் இன்னொன்று. மரபணு வளங்களின் பயனைப் பகிர்வது பற்றிய நகோயா நெறிமுறை 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரே ஒரு காலும் மரபணு வளம்தான், "கால்தானே" என்று நினைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். அனுமதி இல்லாத மாதிரியை வைத்து எழுதியதை நல்ல இதழ்கள் திருப்பி அனுப்பிவிடும்.

பிறகு சாமான்கள்: திருகு மூடி உள்ள சின்னக் குழாய்கள், 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனால், சிறகு தேயாமல் வைக்க வழவழப்பான காகித உறைகள், சிலிகா ஜெல், இரண்டு மூன்று இடுக்கிகள், பென்சில், புகைப்படத்துக்கு ஒரு அளவுகோல்.

பென்சில் ஏன்? எத்தனால் ஒரு சொட்டுக் கசிந்தால் பேனா மை கரைந்து ஓடிவிடும், பென்சில் அப்படியே நிற்கும். குழாய்க்கு வெளியே எழுதியதோடு நிற்காமல், பென்சிலால் எண் எழுதிய காகிதத் துண்டு ஒன்றை உள்ளேயும் போடுங்கள்.

எத்தனாலில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வேறு ரசாயனம் கலந்த மலிவு ஸ்பிரிட்டில் வைத்த மாதிரிகள் பிசிஆரில், அதாவது டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் படியில், காலை வாரியதை நிறையப் பார்த்துவிட்டேன். ஃபார்மலின் பக்கமே போகாதீர்கள். பூச்சிகளைக் கொல்லப் பழைய முறையில் பயன்படுத்தும் எத்தில் அசிட்டேட்டும் டிஎன்ஏவுக்கு ஆகாது, உறைய வைப்பதே பாதுகாப்பு.

3. எங்கே, எத்தனை

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, இரண்டு ஓரங்களில் மட்டும் பிடிப்பது. 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு இடங்களில் பத்துப் பத்து எடுத்துவந்து, மரபணு உறவைக் காட்டும் கிளைமரத்தில் இரண்டு கிளை தெரிந்ததும் குதிக்கிறார்கள். ஒரே சிற்றினமாக இருந்தாலும் தூரம் கூடக்கூட மரபணு கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டுதான் போகும். நடுவில் இருப்பவற்றை நீங்கள் எடுக்காததால் அது இரண்டு துண்டாகத் தெரிகிறது. இடைவெளி பூச்சியில் இல்லை, உங்கள் பயணத் திட்டத்தில் இருக்கிறது.

அதனால் நடுவிலும் எடுங்கள். அதைவிட முக்கியம், இரண்டு வகையும் கலந்து பறக்கும் ஒரு இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே அதிகமாக எடுங்கள், இருபது முப்பது கிடைத்தால் நல்லது. சேர வாய்ப்பு இருந்தும் சேராமல் இருக்கின்றனவா என்பது அங்கேதான் தெரியும். தனித்தனித் தீவில் இருப்பவை சேரவில்லை என்பதில் என்ன செய்தி இருக்கிறது?

பருவத்தையும் மறக்காதீர்கள். பல பட்டாம்பூச்சிகளுக்கு மழைக்கால உருவம் வேறு, வறண்ட கால உருவம் வேறு. ஒரே தாயின் பிள்ளைகளை இரண்டு சிற்றினம் என்று தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

4. களத்தில்: படம், இடம், கால், இந்த வரிசையில்

முதலில் உயிரோடு இருக்கும்போது படம், சிறகின் இரண்டு பக்கமும். அப்புறம் இடம். அப்புறம்தான் கால். காலை முதலில் எடுத்தால் உங்கள் கவனம் குழாயில் போய்விடும், பூச்சி எந்தச் செடியில் இருந்தது என்பது மறந்துபோகும்.

இடத்தை ஜிபிஎஸ் எண்ணாக, தசமப் பாகையில் எழுதுங்கள். ஐந்து தசம இலக்கம் என்பது சுமார் ஒரு மீட்டர். ஆனால் கருவி அடர்ந்த மரத்தடியில் அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது, அதனால் பிழை எத்தனை மீட்டர் இருக்கலாம் என்பதையும் கூடவே எழுதுங்கள். உயரம், நிழலா வெயிலா, புல்லின் உயரம், பூச்சி என்ன செய்துகொண்டிருந்தது (தேன் குடித்ததா, முட்டையிட்டதா, சும்மா பறந்து போனதா) எல்லாம் அங்கேயே எழுத வேண்டும். அறைக்குத் திரும்பி ஞாபகத்தில் எழுதினால் நீங்கள் எதிர்பார்த்ததைத்தான் எழுதுவீர்கள்.

காலில் நடுக்கால் அல்லது பின்னங்கால் ஒன்று போதும். எப்போதும் ஒரே பக்கத்துக் காலையே எடுப்பது நல்ல பழக்கம், பிறகு மாதிரியைப் பார்த்ததும் இதில் ஏற்கெனவே எடுத்தாயிற்று என்று தெரியும். நிம்ஃபாலிடே குடும்பத்தில் முன்னங்கால்கள் குறுகிப்போனவை, அதில் கைவைத்து நேரத்தை வீணாக்காதீர்கள். முழுப் பட்டாம்பூச்சியை எத்தனாலில் முக்கவும் கூடாது, சிறகு வீணாகிவிடும். கால் குழாயில், உடல் உறையில், இரண்டிலும் ஒரே எண்.

ஒவ்வொரு பூச்சிக்கும் இடையில் இடுக்கியைச் சுத்தம் செய்யுங்கள். எத்தனாலில் முக்கித் துடைத்தால் மட்டும் டிஎன்ஏ போய்விடாது, தீயில் காட்ட வேண்டும், இல்லையென்றால் நீர்த்த பிளீச்சில் முக்கிப் பிறகு தண்ணீரில் அலச வேண்டும்.

அந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. "காடு-1, காடு-2, புல்-1" என்று வைக்காதீர்கள். 001, 002 என்று வெறும் தொடர் எண் போதும். ஆய்வகத்தில் டிஎன்ஏ எழுத்துகளின் வரிசையைப் படிக்கிறவருக்கு, அது நீங்களாகவே இருந்தாலும், எது எங்கிருந்து வந்தது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் மங்கலான இடத்தில் கை தானாக ஒரு பக்கம் சாயும். வாழிடமும் மரபணுவும் இரண்டு தனித்தனிச் சாட்சிகள், விசாரணை முடியும்வரை ஒன்றையொன்று சந்திக்க விடாதீர்கள்.

5. டிஎன்ஏ பிரித்தெடுப்பது

காலில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் துண்டு போதும். முழுக் காலையும் கரைத்துவிடாமல் பாதியை மிச்சம் வையுங்கள். எத்தனாலை முழுசாக ஆவியாக விட்டபிறகே புரதத்தைக் கரைக்கும் நொதியைச் சேருங்கள், எத்தனால் மிச்சம் இருந்தால் நொதி ஒழுங்காக வேலை செய்யாது. அவசரக்காரர்கள் சறுக்குவது இங்கேதான்.

ஒவ்வொரு தொகுதியிலும் பூச்சியே போடாத ஒரு வெறும் குழாயையும் சேர்த்து எல்லாப் படியிலும் கொண்டுபோங்கள். கடைசியில் அதில் டிஎன்ஏ தெரிந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் நம்ப முடியாது. மனசு வராதுதான், ஆனாலும் தூக்கிப் போடுங்கள்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. 96 குழித் தட்டில் முதல் ஆறு நெடுவரிசையில் காட்டு மாதிரிகளும் அடுத்த ஆறில் புல்வெளி மாதிரிகளும் வைத்திருந்தேன், வெறும் குழியே விடவில்லை. யாரோ தட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டார்கள் (யாரோ என்ன, நான்தான்). ஏ1 இருந்த இடத்துக்கு எச்12 வந்துவிட்டது. முடிவு வந்தபோது எல்லாம் அவ்வளவு சுத்தமாகப் பிரிந்திருந்தது, காடு புல்வெளியாகவும் புல்வெளி காடாகவும்! முன்பே வரிசை எடுத்து வைத்திருந்த இரண்டு பூச்சிகளின் வரிசை ஒத்துப்போகாததால்தான் பிடிபட்டது. அன்றிலிருந்து இடங்களைக் கலந்துதான் வைக்கிறேன், எச்12 குழியை எப்போதும் வெறுமையாக விடுகிறேன். திரும்பினால் ஏ1 காலியாகத் தெரியும், அங்கேயே பிடித்துவிடலாம்.

6. பிசிஆர்: முதலில் சிஓஐ மட்டும்

தொடக்கத்துக்கு மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ மரபணுவின் 658 எழுத்துத் துண்டை எடுங்கள். பட்டாம்பூச்சிகளுக்கு உலகம் முழுக்க ஒப்பிட அதிக வரிசைகள் இருப்பது இதற்குத்தான். ஒரு செல்லில் மைட்டோகாண்ட்ரியா நிறைய இருப்பதால் சின்னத் துண்டுக் காலில் இருந்தும் கிடைத்துவிடும்.

நகலெடுக்க வேண்டிய துண்டின் இரு முனையிலும் ஒட்டும் ப்ரைமர்களில் லெப்எஃப்1, லெப்ஆர்1 ஜோடி பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிகளுக்கென்றே உள்ளது. முதல் 6 சுற்று 45 டிகிரியில் ஒட்டவிட்டு, அடுத்த 36 சுற்று 51 டிகிரியில் ஓட்டுவது வழக்கமான முறை. முதலில் தளர்வாக விட்டுப் பிடிக்க வைக்கிறோம், பிறகு இறுக்குகிறோம். ஜெல்லில் 700 எழுத்து நீளத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பட்டை தெரிய வேண்டும். இரண்டு பட்டை வந்தால் வரிசைக்கு அனுப்பாதீர்கள், காசும் போய், படிக்கவும் முடியாது.

அருங்காட்சியகத்தில் வெகுகாலம் இருந்த மாதிரி என்றால் முழுத் துண்டு வராது. டிஎன்ஏ நொறுங்கிப் போயிருக்கும். குட்டித் துண்டுகளாக எடுத்து ஒட்டவைக்க வேண்டியதுதான். அந்த வேலையைப் புது மாதிரிகள் வேலை செய்யும் மேசைக்குப் பக்கத்தில் செய்யாதீர்கள், புதுசின் டிஎன்ஏ பழசுக்குள் புகுந்துவிடும்.

7. வரிசையைப் படித்துச் சுத்தம் செய்வது

இரண்டு திசையிலும் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு திசையிலும் தொடக்கத்தில் முப்பது நாற்பது எழுத்து கலங்கித்தான் இருக்கும், எதிர்த்திசை வரிசை அதைச் சரிக்கட்டும். மென்பொருள் தந்த எழுத்துகளை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு எழுத்தையும் நிறச் சிகரமாகக் காட்டும் அலைப்படத்தைத் திறந்து பாருங்கள், அடிக்கடி.

பிறகு அதைப் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். சிஓஐ புரதம் செய்யும் மரபணு, நடுவில் நிறுத்தக் குறி வரக் கூடாது. வந்தால் அது மைட்டோகாண்ட்ரியாவில் இருந்து உட்கருவுக்குத் தாவி வேலை இழந்து கிடக்கும் பழைய நகலாக இருக்கலாம். அதை நிஜம் என்று நம்பினால் இல்லாத சிற்றினம் ஒன்று முளைக்கும்.

ஆனால் இங்கே ஒரு பொறி. மென்பொருளில் முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியக் குறியீடு, அதாவது 5-ஆம் எண் அட்டவணை, தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பொதுக் குறியீட்டை அப்படியே விட்டால் டிஜிஏ என்ற மூன்றெழுத்தை நிறுத்தக் குறி என்று காட்டும், பூச்சியின் மைட்டோகாண்ட்ரியாவிலோ அது டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். இது தெரியாமல் நல்ல வரிசைகளை எல்லாம் குப்பையில் போட்டு ஒரு வாரம் புலம்பியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, பொதுத் தரவுத்தளத்தில் ஒருமுறை தேடுங்கள். சில சமயம் வருவது பட்டாம்பூச்சியின் வரிசையே இல்லை, அதன் செல்லுக்குள் குடியிருக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவின் வரிசை. இந்தப் பாக்டீரியா மறுபடியும் வரும், பெயரை நினைவில் வையுங்கள்.

8. ஒப்பிடுவது, 2 சதவீத மயக்கம்

"2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு சிற்றினம்" என்று ஒரு பேச்சு உலவுகிறது. 658 எழுத்தில் 2 சதவீதம் என்றால் சுமார் 13 எழுத்து. பன்னிரண்டு என்றால் அண்ணன் தம்பி, பதினான்கு என்றால் அந்நியர் என்று எந்தப் பூச்சியும் கணக்குப் பார்ப்பதில்லை. நீலப் பட்டாம்பூச்சிகளில் அக்ரோடயட்டஸ் குழுவைப் பாருங்கள், குரோமோசோம் எண்ணிக்கை தெளிவாக வேறுபடும் சிற்றினங்களுக்கு இடையில்கூட சிஓஐ வித்தியாசம் மிகக் குறைவு.

சதவீதத்துக்குப் பதில் இடைவெளியைப் பாருங்கள். குழுவுக்குள் இருக்கும் மிகப் பெரிய வித்தியாசத்தையும், பக்கத்துக் குழுவோடு இருக்கும் மிகச் சிறிய வித்தியாசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டாவது எண் தெளிவாகப் பெரிதாக இருந்தால் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது. சராசரிகளை ஒப்பிடாதீர்கள், சராசரி எல்லாவற்றையும் அழகாக்கிக் காட்டும்.

அப்புறம் மரம் வரையுங்கள், வலைப்பின்னல் வரைபடமும் போடுங்கள். குழுக்களைத் தானாகப் பிரிக்கும் ஏஎஸ்ஏபி, பிபிடிபி, ஜிஎம்ஒய்சி போன்ற முறைகளில் ஒன்றுக்கு இரண்டை ஓட்டிப் பாருங்கள். அவை தருவது ஊகம், தீர்ப்பு இல்லை.

கோஸ்டா ரிகாவின் அஸ்ட்ராப்டஸ் ஃபல்கரேட்டர் என்ற பட்டாம்பூச்சி இதற்கு நல்ல பாடம். 2004-இல் ஹெபர்ட், ஜான்சன் குழுவினர் 484 பூச்சிகளின் சிஓஐ பார்த்து, ஒரே பெயருக்குள் பத்துச் சிற்றினங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். 2006-இல் அதே வரிசைகளை வேறொருவர் மறுபடி அலசி, மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பார்த்தால் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஏழு குழுதான் தேறும் என்றார். முதல் குழு பத்து என்று சொன்னதற்குப் பின்னால் சிஓஐ மட்டும் இல்லை, எந்தப் புழு எந்தச் செடியைத் தின்றது, அதன் நிறம் என்ன என்று பல வருடமாக வளர்த்துப் பார்த்து எழுதிய குறிப்புகள் இருந்தன. உங்களிடம் அந்தக் குறிப்பு இல்லை, சிஓஐ மட்டும்தான் இருக்கிறது என்றால் பத்து என்று சொல்ல நினைக்காதீர்கள்.

9. உட்கரு மரபணு இல்லாமல் முடிவு சொல்லாதீர்கள்

பாதிப் பேர் எட்டாவது படியிலேயே நின்றுவிடுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மைட்டோகாண்ட்ரியா தாயிடம் இருந்து மட்டுமே வருகிறது. அது தாய்வழிக் கதையை மட்டும் சொல்லும். எப்போதோ ஒருமுறை இரண்டு சிற்றினம் கலந்து ஒன்றின் மைட்டோகாண்ட்ரியா இன்னொன்றுக்குள் போய்விட்டால், உடல் முழுக்க வேறாக இருந்தும் சிஓஐ ஒன்றாகத் தெரியும். இதைத் தூண்டிவிடுவதில் வோல்பாக்கியா கைதேர்ந்தது. அதுவும் தாய்வழியாகவே போகிறது, தான் தொற்றிய பெண்களின் வம்சம் பெருகும்படி இனப்பெருக்கத்தை வளைக்கிறது, அதோடு அந்தப் பெண்களின் மைட்டோகாண்ட்ரியாவும் இலவசமாகப் பரவுகிறது.

ஜப்பானில் யூரிமா ஹெகாபே என்ற மஞ்சள் பட்டாம்பூச்சியில் நடந்தது இதுதான். சிறகு ஓர மயிர் மஞ்சளாக ஒரு வகை, பழுப்பாக ஒரு வகை. மைட்டோகாண்ட்ரிய வரிசை அந்த இரண்டு வகையைப் பின்பற்றாமல் வோல்பாக்கியா தொற்றைப் பின்பற்றிப் போனது. டிபிஐ என்ற உட்கரு மரபணுவைப் பார்த்தபோதுதான் இரண்டு வகையும் ஒழுங்காகப் பிரிந்தன. சிஓஐயோடு நின்றிருந்தால் அந்தப் பிரிவு கைநழுவிப் போயிருக்கும்.

அதனால் முதலில் வோல்பாக்கியாவின் டபிள்யூஎஸ்பி மரபணுவுக்கு ஒரு பிசிஆர் போட்டு அது இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு வயிற்றுப் பகுதித் திசு நல்லது, காலில் தொற்று குறைவாக இருந்து தெரியாமல் போகலாம். பிறகு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று உட்கரு மரபணுக்களை எடுங்கள். இஎஃப்-1 ஆல்ஃபா, விங்லெஸ், ஆர்பிஎஸ்5, டிபிஐ எல்லாம் வழக்கமானவை. வசதி இருந்தால் ஆயிரக்கணக்கான இடங்களை ஒரே நேரத்தில் படிக்கும் ராட் முறைக்குப் போகலாம்.

எதைத் தேட வேண்டும்? கணக்கு எளிது. இரண்டு வகையும் கலந்து பறக்கும் இடத்தில் இருபது பூச்சி எடுத்தீர்கள், ஒரு உட்கரு மரபணுவில் க, ச என்று இரண்டு வடிவங்கள் சரிசமமாக இருக்கின்றன. எல்லாம் தாராளமாக இனக்கலப்பு செய்தால் சுமார் பத்துப் பூச்சியிலாவது ஒரு க-வும் ஒரு ச-வும் சேர்ந்து இருக்க வேண்டும். பத்துப் பூச்சியில் இரண்டு நகலும் க, மீதிப் பத்தில் இரண்டு நகலும் ச, கலவை ஒன்றுகூட இல்லை என்றால் அவை சேர்வதில்லை. இதே பிரிவு வேறொரு மரபணுவிலும் அதே பூச்சிகளில் வந்தால் எனக்கு அது போதும். ஒன்றிரண்டு கலவை இருந்தாலும் பயப்படாதீர்கள், நல்ல சிற்றினங்களுக்கு இடையிலும் எப்போதாவது கலப்பு நடக்கும்.

கலவையை அலைப்படத்தில்தான் பார்க்க வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு நிறச் சிகரம் சம உயரத்தில் நிற்கும். மென்பொருள் அதில் ஒன்றை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடும்.

இப்போது பலர் விழும் குழி. பட்டாம்பூச்சியில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒன்றுதான். டிபிஐ இருப்பது இசட்டில். ஆகவே பெண் பூச்சியில் டிபிஐ பார்த்தால் கலவை என்பது வரவே வராது, ஒரே நகல்தானே இருக்கிறது. பெண்களாகவே எடுத்துவந்து "பாருங்கள், ஒரு கலவைகூட இல்லை, இரண்டும் தனிச் சிற்றினம்" என்று அறிவிப்பது எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள். இசட் மரபணுவுக்கு ஆண்களை மட்டும் எண்ணுங்கள்.

10. உடலுக்குத் திரும்புங்கள்

இப்போதுதான் சிறகையும் இனப்பெருக்க உறுப்பையும் அளக்க வேண்டும், மரபணு பிரித்த குழுக்களை வைத்து. வயிற்றுப் பகுதியை நொதியில் ஊறவிட்டு டிஎன்ஏ எடுத்தபிறகு, அதே வயிற்றைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சுத்தம் செய்து உறுப்பைப் பார்க்கலாம். ஒரே உடலில் இரண்டு சான்றும் கிடைத்துவிடும். அளக்கிறவருக்குக் குழு எது என்று சொல்லாதீர்கள்.

வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

11. வாழிடம்: பறந்த இடம் வேறு, வாழும் இடம் வேறு

குழுக்கள் உறுதியானபிறகே களக் குறிப்பேட்டைத் திறந்து எண்களோடு பொருத்துங்கள். வாழிடத்தை வைத்துக் குழு பிரித்துவிட்டு, பிறகு அந்தக் குழுக்களுக்கு வாழிடம் வேறு என்று கண்டுபிடிப்பது வட்டத்தில் ஓடுவது. சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள், ஆனால் பாதி வரைவுகளில் அதுதான் இருக்கிறது.

அடுத்தது, வளர்ந்த பட்டாம்பூச்சி பறந்த இடம் அதன் வாழிடம் ஆகிவிடாது. தேனுக்கு வந்திருக்கலாம், காற்றில் வந்திருக்கலாம், துணை தேடி மேட்டுக்கு ஏறியிருக்கலாம். முட்டையும் புழுவும் எங்கே இருக்கின்றன என்பதுதான் வாழிடம். ஆனால் ஒன்றுபோல் இருக்கும் சிற்றினங்களில் புழுவை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. மரபணுவின் உண்மையான பயன் இங்கேதான்: செடியில் கிடைத்த புழுவின் சிஓஐயை, ஏற்கெனவே உட்கரு மரபணுவால் உறுதியான பூச்சிகளின் சிஓஐயோடு ஒப்பிட்டால் அந்தச் செடி யாருடையது என்று தெரிந்துவிடும். (சிஓஐ உட்கருவோடு ஒத்துப்போகவில்லை என்று ஒன்பதாவது படியில் பார்த்திருந்தால் புழுவுக்கும் உட்கரு மரபணுவையே படியுங்கள்.)

புழு செடியில் இருந்தது என்பதால் அதைத் தின்றது என்று அர்த்தம் இல்லை, கூட்டுப்புழுவாகப் போகும் வழியில் ஏறியிருக்கலாம். தின்றதைக் கண்ணால் பாருங்கள், அல்லது குடலில் உள்ள தாவர டிஎன்ஏவைப் படியுங்கள். புழுக்கள் பல எறும்புகளோடு சேர்ந்து வாழும் லைசீனிடே குடும்பம் என்றால் எந்த எறும்பு கூட இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஓர் இடத்தில் கண்டதை இன்னோர் இடத்துக்குத் தூக்கிப்போகவும் வேண்டாம். பழைய லெப்டிடியாவையே பாருங்கள். ஸ்வீடனில் சினாபிஸ் காட்டிலும் புல்வெளியிலும் இருக்கிறது, ஜுவர்னிகா புல்வெளியோடு நிற்கிறது. அயர்லாந்தில் பரவலாகப் பறப்பது ஜுவர்னிகா, சினாபிஸோ மேற்கில் பர்ரன் என்ற சுண்ணாம்புக்கல் பகுதியை ஒட்டி ஒதுங்கிக் கிடக்கிறது. "சினாபிஸ் எங்கும் வாழும்" என்று ஸ்வீடனில் படித்தவர் அயர்லாந்தில் தேடினால் ஏமாந்துதான் போவார்.

12. வாழிட வரைபடம்

மேக்ஸென்ட் போன்ற மென்பொருளில் இடங்களையும் தட்பவெப்பத் தரவையும் கொடுத்தால் வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் வந்துவிடும். எதைப் போட்டாலும் வரும், அதுதான் சிக்கல்.

டிஎன்ஏவால் உறுதியான இடங்களை மட்டும் போடுங்கள். இணையத்தில் பழைய பெயரில் ஆயிரம் பதிவு கிடைக்கும், படத்தை வைத்து எந்தச் சிற்றினம் என்று சொல்ல முடியாததால்தானே நாம் இவ்வளவு தூரம் வந்தோம்? உறுதியான நாற்பது இடம் போதும், உறுதியில்லாத ஆயிரம் வேண்டாம்.

ஒரே ஓடைக்கரையில் எடுத்த பதினைந்து புள்ளிகளை ஒன்றிரண்டாகக் குறையுங்கள், இல்லையென்றால் வரைபடம் நீங்கள் நடந்த பாதையைத்தான் காட்டும். வேர்ல்ட்கிளிம் தரவுத்தொகுப்பு தரும் 19 தட்பவெப்ப மாறிகளையும் அப்படியே கொட்டாதீர்கள். பல மாறிகள் ஒன்றையே வேறு பெயரில் சொல்பவை, தொடர்பு 0.7-க்கு மேல் இருப்பதில் ஒன்றை மட்டும் வையுங்கள். அதன் மிக நுணுக்கமான கட்டமே நிலநடுக்கோட்டில் சுமார் ஒரு கிலோமீட்டர். காட்டின் ஓரமும் பக்கத்துப் புல்வெளியும் ஒரே கட்டத்துக்குள் விழும். நிழல், வெயில் வித்தியாசத்தை இந்த வரைபடம் காட்டாது, அதற்கு உங்கள் களக் குறிப்பேடுதான் கதி.

இரண்டு சிற்றினத்தின் வாழிடம் எவ்வளவு மேற்பொருந்துகிறது என்பதை ஷோனர் டி என்ற எண்ணால் சொல்வார்கள், 0 என்றால் துளியும் இல்லை, 1 என்றால் முழுசாக. எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டும் இருக்கும் நிலப்பரப்பே வேறாக இருந்தால் எண் தானாகக் குறையும். அந்தந்த நிலத்தில் கிடைக்கும் சூழலோடு ஒப்பிடும் பின்புலச் சோதனையை ஓட்டினால்தான் பூச்சி தேர்ந்தெடுத்ததா, வேறு வழியில்லாமல் அங்கே இருக்கிறதா என்று பேச முடியும்.

13. வெளியிடும் முன்

ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் ஒரு உடல் இருக்க வேண்டும், எண்ணோடு, யார் கேட்டாலும் பார்க்கக்கூடிய சேகரிப்பில். பொதுத் தரவுத்தளத்தில் வரிசையோடு அலைப்படக் கோப்பையும் படத்தையும் ஏற்றுங்கள். அரிய சிற்றினம் என்றால் பொதுவில் காட்டும் இடத்தைச் சில கிலோமீட்டர் மங்கலாக்குங்கள், சேகரிப்பாளர்களும் இதையெல்லாம் படிக்கிறார்கள். துல்லியமான எண் உங்கள் கோப்பில் இருந்தால் போதும்.

மிச்ச டிஎன்ஏ மைனஸ் 80 டிகிரிக்குப் போகட்டும். வைக்கும்போது குழாயின் மூடியில் மட்டும் எண் எழுதாதீர்கள், பக்கவாட்டிலும் எழுதுங்கள். பத்துக் குழாயை ஒன்றாகத் திறந்தால் மூடிகள் இடம் மாறிவிடும்.